பேஸ் பாகத்தைக் கணினியில் ஏற்றியது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. எங்கள் திருச்சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை மலருக்காக, "கம்ப்யூட்டர்ல பாட்டு நோட்டேஷன் சீக்கிரமா ஏத்துததுக்கு நாலு யோசனை எழுதித் தாங்க, அண்ணாச்சி" என்று கேட்டாள் பாட்டுக்குழுவை நடத்தும் ஜெப்ஸி. நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினவன். என்னைப் போய் ஏன் என்றேன்.

"இருக்கிற தப்பு பூராத்தையும் பண்ணிப் பாத்தது நீங்க ஒராள்தான?"

கட்டுரை என்றால் உண்மையை எழுத வேண்டும். கதை என்றால் தப்பித்துக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: உப்பளத்தின் மேல் நிலவு பாலாய்ப் பொழிந்த —

வேண்டாம். அப்போது பகல் பதினொரு மணி. சபை மண்டபத்தில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தோம்.

இரண்டாம் தொடக்கம்: பேஸ் என்கிற ஆண்களின் அடிக்குரல் பாட நாங்கள் நாலு கிழவர்கள்தான் மிச்சம். நாங்கள் முனகுவது யாருக்கும் கேட்கவில்லையாம்.

"சனிக்கிழம கம்ப்யூட்டர்ல போட்டுக் கேப்போம்" என்றாள் ஜெப்ஸி. "பேஸ் இருந்தா நல்லாருக்குன்னு பட்டா பாடுங்க. இல்லன்னா நாலு பேரும் சபையோட சேந்து ட்யூனப் பாடிட்டுப் போங்க."

ஐம்பது வருஷம் பேஸ் பாடினவனை ட்யூன் பாடச் சொல்வது எப்படியென்றால்... (உவமை வரவில்லை. கோபம்தான் வருகிறது.)

3

என் பாகத்தை அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டேன். நானே ஏற்ற உட்கார்ந்தேன். நாங்கள் டோ, ரே, மீ என்கிற சொல்ஃபா எழுத்தில் பாட்டுப் படித்தவர்கள். டோவுக்கு டி, ரேவுக்கு ஆர், சோவுக்கு எஸ். அப்படியே தட்டினேன். அந்தக் கம்ப்யூட்டர் கழுதைக்கோ டி என்றால் ஸி, டி, இ வரிசையில் வரும் டி சுரம் மட்டும்தான். எங்கள் பாட்டில் டோ இருப்பது எஃப்பில். ஆர் தட்டினால் முந்தின சுரத்தையே திரும்பப் போடுகிறது. எஸ் தட்டினால் ஒரு வளைகோடு.

ஜெப்ஸி ஓடவிட்டுக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இது பேஸா, கப்பல் சங்கு ஊதுதா?"

(யோசனைகள்: டோ எந்தச் சுரமென்று தாளில் எழுதித் திரையோரம் ஒட்டுங்கள். முதலில் சுரத்தின் நீளத்துக்கான எண், பிறகு எழுத்து. மவுஸைத் தொடாதீர்கள். திரும்ப வரும் இடங்களை நகலெடுத்து ஒட்டுங்கள். பாட்டு வரிகள் கடைசியில். தினமும் புதுப் பெயரில் சேமியுங்கள்; கம்ப்யூட்டரை நம்பாதீர்கள்.)

4

மூன்று நாளில் திருத்திவிட்டேன். ஆனாலும் பெண்களின் உச்சக்குரலான சோப்ரானோவுக்கு அடியில் பேஸ் கேட்கவே இல்லை. இந்த இடத்தில் என் கூட்டாளி பேஸ்காரன் எஸ்றா வருகிறான்.

"ஏலே அருமைநாயகம், அதுல மிக்ஸர்னு ஒண்ணு இருக்குல்லா? நம்ம சத்தத்த ஏத்து, மத்தவளுவ சத்தத்த இறக்கு. யாருக்குலே தெரியப்போவுது?"

(எஸ்றா மேல் எனக்கே சந்தேகம். அன்றைக்கு அவன் ஸ்ரீவைகுண்டத்தில் கல்யாணச் சாப்பாட்டில் இருந்தான். இந்தப் பேச்சை அவன் வாயில் வைத்தது நான்தான்.)

மிக்ஸர் நல்ல சாமான். தன் பாகத்தை மட்டும் உயர்த்திக் கேட்டுப் படிக்கலாம். நான் உயர்த்தியது படிப்பதற்கு அல்ல.

5

சனிக்கிழமை பேஸ் ஜன்னலை அதிர வைத்தது. ஜெப்ஸி கண்ணை மூடிக் கேட்டாள்.

"பேஸ் இல்லாம இந்தப் பாட்டே இல்ல" என்றாள். எஸ்றா அழுதுவிட்டான். (இது நிஜம்.)

முடிவு அ: அவள் கண்டுபிடித்து எங்களை ட்யூனுக்குத் துரத்துகிறாள்.

முடிவு ஆ: நானே போய் ஒத்துக்கொள் — இது நடக்காது.

6

அச்சுக்குப் போகுமுன் சேர்த்தது: மலருக்குப் பிழை திருத்துவதும் ஜெப்ஸிதானாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை.

"வாசிச்சிட்டேன் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம மைக்க உங்க நாலு பேருக்கு முன்னாலதான் வைக்கப்போறேன்" என்றாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீங்கள் மலரை விசிறிக்கொண்டே இதை வாசிக்கும் நேரம் நாங்கள் எழுந்து நிற்போம். மைக் என் மூக்குக்கு நேரே. அவள் கை உயர்கிறது. மேற்கொண்டு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நான் பாட வேண்டும்.