குறைச்சிட்டேன்ப்பா

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. ஹெட்ஃபோன் வழியாக என் காதில் வந்து விழுந்தது.

ஒலிநூல்களுக்குக் குரல் கொடுப்பது என் வேலை; இடையில் சிறுகதைகளும் எழுதுவேன். பெரும்பாலும் மொழிபெயர்ப்பு நாவல்கள். பனி பெய்யும் ஊர்களையும் ரயில் நிலையங்களில் பிரிகிறவர்களையும் பற்றி மைக் முன்னால் மணிக்கணக்கில் வாசிப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிறவள் இருப்பாள். நான் எச்சில் விழுங்குவது, பக்கம் புரட்டுவது, என் நாற்காலி முனகுவது எல்லாவற்றையும் தேடிப் பிடித்து அழிப்பது அவள் வேலை. ஸ்டுடியோவில் அவளுக்குக் 'காது' என்று பெயர். போனை எடுக்கும்போதுகூட "காது பேசறேன்" என்பாள்.

ஒரு மதியம் வாசிப்பை நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"எழுத்தாளரே."

"சொல்லு."

"எனக்கு ஒரு கதை எழுதித் தருவியா? எங்க வீட்டுல நடந்ததுதான். ஒரே ஒரு இடத்தை மட்டும் மாத்தணும்."

"எந்த இடம்?"

"ஒரு பட்டனை அமுக்கினேன். அமுக்காத மாதிரி எழுது."

கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையில் என் இருமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழித்துக்கொண்டிருந்தாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை பெய்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலையின் வெள்ளைக் கோடுகள் ஈரத்தில் —

மழை பெய்யவில்லை. நல்ல வெயில். நான் வாசிக்கும் நாவல்களில் யார் துக்கப்பட்டாலும் உடனே மழை வந்துவிடுகிறது. அந்தப் பழக்கதோஷம்.

அப்புறம் இப்படி:

ஒரு மனிதர் தன் உடம்பை நம்புவதை எப்போது நிறுத்துகிறார் என்றால் —

எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி தொடங்கும் வாக்கியங்கள் அழகாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

மூன்றாவது: காரை வாங்கிக் கொடுத்தது மகள்.

இது உண்மை. சாதாரணமாகவும் இருக்கிறது. இதிலிருந்து போகலாம்.

காரை வாங்கிக் கொடுத்தது மகள். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய கட்டடங்களின் மேல்மாடியில், யாரும் போகாத மோட்டார் அறைகளில், வாழ்நாளைக் கழித்தவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ் ஏற முடியாது. அதனால் கார். நவீனமான கார். சாலையின் தடக் கோட்டைத் தாண்டப் போனால் 'டிங் டிங்' என்று சத்தம் போடும். அதற்கும் கேட்கவில்லையென்றால் ஸ்டீயரிங்கைத் தானே மெல்ல இழுத்து வண்டியைத் தடத்துக்குள் கொண்டுவரும்.

அந்த 'டிங் டிங்' அப்பாவிடம் அடிக்கடி பேசியது.

3

ஒரு விடுமுறை நாள். அப்பா ஓட்டுகிறார், அம்மா பக்கத்தில், காது பின் இருக்கையில். மூவரும் அம்மாவுக்குச் செருப்பு வாங்கப் போகிறார்கள்.

டிங் டிங்.

"பாத்தியா, மறுபடி" என்றார் அப்பா. "நான் என்ன தப்பு பண்ணேன்?"

"கோட்டுமேல போயிருப்பீங்க" என்றாள் அம்மா.

"கோடு எங்கயோ இருக்கு, நான் எங்கயோ இருக்கேன்."

டிங் டிங். ஸ்டீயரிங் அவர் கைக்குள் லேசாகத் திரும்பியது.

"ஐயோ, கையைப் பிடிச்சு இழுக்குதும்மா இது! ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அடம்பிடிக்கிற புள்ளைய இழுத்துட்டுப் போற மாதிரி."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொல்லிட்டிருக்கிறதத்தான் அது சொல்லுது. நான் சொன்னா கேக்கல. அது இழுத்துச் சொல்லுது."

"ரெண்டு பேரும் ஒரு கட்சியா?"

சிரித்தார்கள். காதும் சிரித்தாள். ஆனால் அந்தச் சத்தம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. நாளெல்லாம் தேவையில்லாத சத்தங்களை அழிக்கிறவளுக்கு, விடுமுறை நாளிலும் ஒன்று பின்னாலேயே வந்தால் எப்படி இருக்கும்?

செருப்புக் கடை வாசலில் வண்டி நின்றதும் அப்பா சாவியை நீட்டினார்.

"கொஞ்சம் குறைச்சு வைம்மா. நிறுத்திடாதே. அது பாட்டுக்கு இருக்கட்டும். குறை, போதும்."

அவர்கள் கடைக்குள் போனார்கள். காது முன் இருக்கைக்கு வந்து திரையைத் தட்டினாள். எச்சரிக்கை எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும் என்பதற்கு அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று நிலைகள். அவற்றுக்குக் கீழே, சத்தத்தையும் இழுப்பையும் சேர்த்து அணைக்கும் 'நிறுத்து'. 'குறைவு' என்பதைத் தொட்டாள். அவர்கள் வந்து ஏறினார்கள். வண்டி கிளம்பியது. முதல் வளைவு தாண்டியதும் டிங் டிங். சிக்னல் தாண்டியதும் டிங் டிங்.

(இங்கே நான் எழுதுவதை நிறுத்தி அவளிடம் கேட்டேன்: குறைச்ச பிறகும் ஏன் அடிக்குதுன்னு உனக்குத் தோணலியா? அவள் சொன்னது: "சத்தம் போகலன்னா எனக்குத் தோணுற ஒரே விஷயம், இன்னும் கொஞ்சம் வெட்டணும்ங்கிறதுதான்.")

வீட்டு வாசலில் அப்பா இறங்கி அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தபோது, காது பின் இருக்கையிலிருந்து எட்டித் திரையைத் தொட்டாள். நிறுத்து.

"சரி பண்ணிட்டியா?" என்றார் அப்பா.

"குறைச்சிட்டேன்ப்பா" என்றாள்.

4

இப்போது எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. மகள் மேல் அல்ல, அப்பா மேல்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்வாரா? கதவு சரியாக மூடாத லிஃப்டைச் சமாளித்து ஓட்ட, கதவு சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறவர்கள் அந்தத் தொழிலில் உண்டாம். லிஃப்டும் கதவு மூடியிருப்பதாக நம்பி ஓடும். அப்படி இணைத்த கூட்டாளியோடு அவர் சாகும்வரை பேசவில்லை.* இப்படிப்பட்டவர் எப்படி —

ஆனால் அவர் நிறுத்தச் சொல்லவில்லையே. குறைக்கத்தானே சொன்னார். நான்தான் அவரைச் சந்தேகப்பட்டுத் தப்பு செய்கிறேன்.

* கூட்டாளி சாகும்வரை. அப்பா நன்றாக இருக்கிறார். வாக்கியத்தைத் திருத்த வேண்டும்; திருத்தினால் அதன் வேகம் போய்விடுகிறது.

அவருடைய தொழிலில் இன்னொன்றும் இருந்தது. மோட்டார் அறைக்குள் போனதும் அவர் முதலில் செய்வது கண்ணை மூடிக் கேட்பது. முனகல் இல்லை, உரசல் இல்லை என்றால் லிஃப்ட் நலம். சத்தமின்மைதான் அவருக்குக் கிடைக்கும் நற்சான்று. ஆகவே கார் அமைதியானதும் என்ன நினைப்பார்?

"இப்பல்லாம் சத்தமே வர்றதில்ல" என்றார் மகளிடம் போனில். "கை பழகிடுச்சு. நேராப் போறேன்."

"சூப்பர்ப்பா" என்றாள் காது.

அம்மாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "ரொம்ப இடப்பக்கமா போறீங்க" என்று ஒன்றிரண்டு முறை சொன்னாள்.

"போனா கார் சொல்லுமே" என்றார் அப்பா.

அதற்கு மேல் அம்மா எதுவும் சொல்வதில்லை. காரைவிடத் தனக்கு அதிகம் தெரியுமா என்ன?

பிறகு ஒரு காலையில், தெருவோரம் நின்ற வேனின் பக்கக் கண்ணாடியை இடித்துப் பெயர்த்தார். யாருக்கும் அடியில்லை. ஆனால் அவர் வண்டியை நிறுத்தி இறங்கி, அந்த வேனையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பட்டப்பகல். வெள்ளை வேன். "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டாராம்.

கண் மருத்துவமனை. ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். இடதுபக்கப் புள்ளிகளுக்கு அவர் அமுக்கவே இல்லை. கண் அழுத்தம், நரம்பு தேய்ந்துவிட்டது. இடது ஓரத்தில் பெரும்பகுதி இரண்டு கண்ணிலும் போய்விட்டது. வலிக்காது, இருட்டாகவும் தெரியாது. இல்லாததை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

"போனது போனதுதான்" என்றார் டாக்டர். "இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்திக்கலாம். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியல டாக்டர்" என்றார் அப்பா. "கார்கூட ஒண்ணும் சொல்லல."

மருந்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் காது வெளியே வந்தாள். கார் நிறுத்துமிடத்துக்குப் போய், திரையைத் தொட்டு, அந்த எச்சரிக்கையை மறுபடி இயக்கினாள்.

இந்த இடத்தை அவள் என்னிடம் கடைசியில்தான் சொன்னாள். பட்டனை அமுக்கியதைவிட இது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். அப்பா சொன்னார், "கோட்டுமேல விடு, பாக்கலாம்." விட்டாள். டிங் டிங்.

அவர் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இப்ப கத்துது பாரு. விட்டு விட்டு வர்ற ஃபால்ட். இருக்கிறதுலயே மோசமான ஃபால்ட் அதுதான். வாழ்க்கை பூரா மெஷினோட கெடந்தவன், என் கைக்குள்ளயே ஒரு மெஷின் செத்துக் கெடந்தது எனக்குத் தெரியல. கண்ணு போனதுகூட பரவால்லம்மா."

5

ஆக, கதையில் பணயமாக இருப்பது கண் அல்ல. கண் போய்விட்டது. தன் தொழிலில் தான் தோற்றுவிட்டதாக ஒருவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அது பொய் என்று ஒரே ஒருத்திக்குத் தெரியும். சொன்னால் அவருக்கு அவர் திரும்பக் கிடைப்பார். அவளுக்கு அப்பா கிடைப்பாரா என்பது தெரியாது.

அவள் கேட்டபடி மாற்றி எழுதிப் பார்த்தேன்.

முதல் மாற்று: வேறு கார் கொடுத்தேன். சில கார்களில் இந்த வசதியை நிறுத்தினாலும், வண்டியை அணைத்து மறுபடி கிளப்பும்போது தானாக விழித்துக்கொள்ளும். மறுநாள் காலையே டிங் டிங். காது படித்தாள்.

"அப்பா மறுபடி என்னைக் கூப்பிட்டிருப்பார். நான் மறுபடி அமுக்கியிருப்பேன். ஒரு தடவை அமுக்கினதே தாங்கல, தினமும் அமுக்க விடறியே, நீ மனுஷனா?"

இரண்டாம் மாற்று: செருப்புக் கடை வாசலில் மகள் யோசிக்கிறாள். "அப்பா, குறைச்ச பிறகும் அடிக்குதுன்னா என்னவோ இருக்கு, கண்ணைக் காட்டிடலாம்" என்கிறாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போகிறார். சரியான நேரத்தில் சொட்டு மருந்து. கடைசிப் பத்தியில் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

"இவ யாரு?" என்றாள் காது.

"நீதான்."

"இல்ல. இவ என்னைவிட நல்லவ. எங்கப்பாவுக்கு இவ பொண்ணா இருந்திருக்கலாம்." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு இவளைப் பிடிக்கல."

மூன்றாம் மாற்று: அம்மா —

எழுதவில்லை. அம்மாவையாவது விட்டுவைக்கலாம் என்று தோன்றியது.

6

"சரி, நடந்ததையே எழுது" என்றாள் ஒரு நாள். "நீ வாசி, நான் பதிவு பண்றேன். அப்பாகிட்ட குடுக்கறேன்."

அப்பா இப்போது புத்தகம் படிப்பதில்லை. வரியின் முடிவுவரை போகிற கண், அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் அலைகிறது. அதனால் மகள் தயாரிக்கும் ஒலிநூல்களைக் கேட்கிறார். என் குரல் அவருக்குப் பழக்கம். "அந்தப் புள்ள சோகமான இடத்துல ரொம்ப இழுக்குது" என்று எனக்குச் சொல்லியும் அனுப்பியிருக்கிறார்.

"நீயே நேர்ல சொல்லலாமே" என்றேன்.

"வாயைத் திறந்தா வேற ஏதாவது வருது. போன வாரம் சொல்லணும்னுதான் போனேன். டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி மாத்திட்டு வந்தேன்."

பதிவு செய்தோம். இழுக்காமல் வாசித்தேன். மூன்றாம் பகுதியின் கடைசி வரிகள் வந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையை உயர்த்தினாள்.

"அந்த இடம் இன்னொரு தடவை."

வாசித்தேன்.

"இன்னொரு தடவை."

"எங்க தப்பு வருது?"

"தப்பு இல்ல" என்றாள் என் ஹெட்ஃபோனுக்குள். "நல்லாத்தான் இருக்கு. அதான்."

முடிந்ததும் வெட்டும் வேலையைத் தொடங்கினாள். மூச்சு, எச்சில், நாற்காலி. அந்த வரிகளின் மேல் அவளுடைய அம்புக்குறி வந்து நின்றது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

7

இந்தக் கதை இரண்டு வடிவங்களில் வெளியாகிறது. அச்சு என் பொறுப்பு; அதில் எல்லாம் இருக்கிறது, நீங்களே படித்தீர்கள். ஒலி அவள் பொறுப்பு. அதில் மகள் நிறுத்தினாளா, குறைத்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஸ்டுடியோவில் வழக்கம்போல வேறொரு நாவல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு முடிவு எழுதத்தான் நினைத்தேன். மன்னிக்கும் அப்பா ஒருவரை எழுதினேன். கோபிக்கும் அப்பா ஒருவரையும் எழுதினேன். இருவரும் என் குரலிலேயே பேசினார்கள். கிழித்துவிட்டேன். எழுத்து எதையாவது திருப்பிக் கொடுக்கும் என்று நம்பித்தான் இத்தனை வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது ஒரே ஒரு பட்டன். அதைக்கூட என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஆகவே மீதி உங்களிடம்.

நீங்கள் ஒரு கண் மருத்துவமனையில் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மடியில் இந்தக் கதை. பக்கத்து நாற்காலிக்காரர் தலையை முழுதாகத் திருப்பி உங்களைப் பார்க்கிறார்.

"என்ன படிக்கிறீங்க?"

"கதைங்க."

"எனக்கு வரி பிடிபட மாட்டேங்குது. கொஞ்சம் சத்தமாத்தான் படிங்களேன். நேரம் போகும்."

படிக்கத் தொடங்குகிறீர்கள். இரண்டாம் பகுதியில் லிஃப்ட் மெக்கானிக் வந்ததும் அவர் நிமிர்ந்து உட்காருகிறார். "அட, நம்ம தொழில்!" என்கிறார். செருப்புக் கடையில் சிரிக்கிறார். பிறகு சிரிக்கவில்லை. மருந்து கவுண்டர் வரிசையில் நிற்கும் ஒரு பெண் சட்டெனத் திரும்புகிறாள். தன் முறை வந்துவிட்டதைக்கூடக் கவனிக்காமல் வரிசையை விட்டு விலகி உங்களை நோக்கி நடந்து வருகிறாள்.

நிறுத்தச் சொல்ல வருகிறாளா, அப்பா பக்கத்தில் வந்து உட்கார வருகிறாளா?

நீங்கள் அடுத்த வரிக்கு வந்துவிட்டீர்கள். அவள் முகம் இப்போது உங்களுக்குத்தான் தெரிகிறது.