வெள்ளிக்கிழமை வண்டி

பேக்கிங் தாளைக் கார்புரேட்டரின் அடிப்பரப்பில் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரம் ஓரமாக மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார் மாரப்பன். தட்டத் தட்ட, உலோக விளிம்பில் தாள் தானாகவே அறுந்து, கீழிருந்த துளைகளின் வடிவம் அப்படியே விழுந்தது. அறுந்த வட்டங்களைச் சுண்டுவிரலால் ஒதுக்கிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுற்றிலும் போல்ட் துளைகளும் நடுவே காற்றுப் போகும் இரண்டு பெரிய கண்களும் பிசிறில்லாமல் வந்திருந்தன.

"மாரண்ணா, காபி ஆறிப்போகுதுங்க," என்றான் டிரைவர் வெள்ளியங்கிரி. "அதென்ன, பொண்ணு போட்டோவாட்டம் தூக்கித் தூக்கிப் பாக்கறீங்க?"

"மயிரெழ சந்து இருந்தாப் போதுமுங்க தம்பி. அதுல காத்துப் பூந்து, மெதுவாப் போறப்ப எஞ்சின் அணைஞ்சுபோகும்."

"அதான் வாராவாரம் அணையுதே. எனக்குத்தான் வசவு."

ரேஸ்கோர்ஸ் பங்களாவின் அந்தக் கார் கொட்டகையில் மாருதியும் காண்டசாவும் முன்வரிசையில் நின்றன. பின்னால், மூக்கு நீண்டு, இரண்டே கதவுகளும் இடப்பக்க ஸ்டியரிங்குமாக நின்றது அமெரிக்கக் கார். முதலாளி பாலகோபாலின் தகப்பனார் அறுபதுகளின் கடைசியில் கப்பலில் வரவழைத்தது. எட்டு சிலிண்டர் எஞ்சின். வாரத்தில் ஆறு நாளும் அது துணி போர்த்தி உறங்கும். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் மில்லுக்குப் புறப்படும். மில் வளாகத்துப் பிள்ளையாருக்கு வெள்ளி தவறாமல் பூஜை செய்தவர் தகப்பனார். அவர் போன வண்டியிலேயே போய் அந்தப் பூஜையை நடத்துவது என்பதில் மகன் உறுதியாக இருந்தார். ஆடி மாதத்தில் மில்லைப் பூட்டிய பிறகும், தை பிறந்த பிறகும், பூஜை மட்டும் நிற்கவில்லை.

காரோடு வந்த நான்கு கண் கார்புரேட்டர் உள்தண்டு தேய்ந்து, வேகம் குறைந்தாலே எஞ்சினை அணைத்துவிட்டது. அதற்கு மாற்று உதிரிகள் சென்னையிலும் கிடைக்கவில்லை. மில் ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த மாரப்பனை வெள்ளியங்கிரிதான் நினைவுபடுத்தி அழைத்து வந்தான். மாரப்பன் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ராணுவ ஏலத்தில் வந்த, பெட்ரோலில் ஓடும் லாரியின் இரண்டு கண் கார்புரேட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தார். எஞ்சினின் நான்கு கண் வாயின் மேல் இந்த இரண்டு கண் கார்புரேட்டர் உட்கார வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் தெரிந்த லேத் ஒன்றில் கனமான அலுமினியத் தகட்டைக் கடைந்து, இரண்டுக்கும் இடையில் வைப்பதற்குப் பொருத்தமாகத் துளையிட்டு எடுத்துவந்தார். ஆக்சிலேட்டர் கம்பியின் நீளம் போதாத இடத்தில் சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியை வளைத்துக் கொக்கி போட்டார். மாதக்கணக்கில் வேலையில்லாமல் மரத்துப்போயிருந்த கைகளில் எண்ணெய் பட்டபோது, அவருக்குத் தம்மையறியாமல் சீழ்க்கை வந்தது.

முதல் நாளே மேனேஜர் அரங்கசாமி கொட்டகை வாசலில் நின்று சொல்லிவிட்டிருந்தார்: "வேலையப் பாருங்க மாரப்பன். மில் பேச்சு எதுவும் பங்களாவுக்குள்ள எடுக்கப்படாது. எடுத்தா அன்னிக்கே கேட்டுக்கு வெளியில."

"சரிங்க" என்று அவரும் சொல்லியிருந்தார்.

வியாழன் பிற்பகலில் எஞ்சினை எழுப்பினார்கள். ஒருமுறை இருமி, கறுப்பாய்ப் புகைத்துவிட்டு, பிறகு அது சீராக ஓடத் தொடங்கியது. மாரப்பன் திருப்புளியை, மெது ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ திருகில் வைத்து, ஏற்றியும் இறக்கியும், கடைசியில் ஓரிடத்தில் நிறுத்தினார். மட்கார்டின் மேல் வைத்த காபித் தம்ளரில் மிச்சமிருந்த காபி அலுங்கவில்லை.

"அட! ஓடுதா நின்னுபோச்சான்னே தெரியலீங்களே!" என்று வெள்ளியங்கிரி அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினான்.

அன்று மாலை சைக்கிளை உருட்டிக்கொண்டு மில் கேட்டை அடைந்தபோதும் அந்த மகிழ்ச்சி மாரப்பனின் முகத்தில் இருந்தது. வேலையிழந்தவர்கள் வழக்கம்போலப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பெஞ்சில் இரண்டு போலீஸ்காரர்கள். மில்லுக்கு வரும் எந்த வாகனத்தையும் மறிக்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருந்தது. யாரும் மறிக்கவும் இல்லை. ஆனால் கேட்டுக்கு முன்னாலிருந்த வேகத்தடையில் வேகம் குறைந்ததும் அந்தப் பெரிய கார் தானாகவே அணைந்துவிடும். தானாக நின்ற வண்டியின் பக்கத்தில் போவதை எந்த உத்தரவும் தடுக்கவில்லை. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தள்ளுவார்கள்; தள்ளுவதில் அவசரம் காட்டமாட்டார்கள். வெக்கை தாளாமல் முதலாளி கண்ணாடியை இறக்குவார். அந்தச் சில நிமிடங்களில்தான் அவரிடம் யாரும் எதையும் சொல்ல முடிந்தது.

போன வெள்ளிக்கிழமை அப்படித்தான் மாரப்பனின் மனைவி பாவாத்தாள் சொன்னாள். பஞ்சை உதிர்க்கும் புளோரூமில் தூசுக்குள் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் அவள். இப்போது நாலு அடி நடந்தால் மூச்சு இரைத்தது. தூசினால் வந்த நோய் என்று மில் சான்று தந்தால், மில் பூட்டியிருந்தாலும் நெஞ்சு ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் அந்தச் சான்றுத் தாளில் கையெழுத்துப் போடாமல் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்துவிட்டார். முதலாளி அதை வாங்கிப் படித்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். "பேனா இல்லையேம்மா. அடுத்த வெள்ளி கொண்டு வா, போட்டுத் தாரேன்," என்றார். அதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"ஏனுங்க, இன்னிக்கு மொகமெல்லாம் சிரிப்பா இருக்குது?" என்று பாவாத்தாள் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக் கேட்டாள். மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். புதுப் பேனா. "பொட்டிக்கடையில வாங்கினனுங்க. எழுதுதான்னு கூடப் பாத்துப்போட்டேன்."

"வண்டி ஓடிருச்சு பாவாத்தா. சும்மா பூனை தூங்கறாப்புல ஓடுது. இனி எங்கயுமே அணையாது."

அருகில் உட்கார்ந்திருந்த தாஜுன்னிசா வாய்விட்டுச் சிரித்தாள். நூல் நூற்கும் ரிங்பிரேமில் வேலை பார்த்தவள்; பாவாத்தாளைவிட இளையவள். "நல்ல மெக்கானிக்குங்கண்ணா நீங்க! வண்டி அணையாமப் போச்சுன்னா நாங்க யார்கூடப் பேசறதுங்க? இந்தப் பிள்ளையார்கூடவா? அவரும் கேட்டுக்கு உள்ளாறதான இருக்காரு!"

எல்லோரும் சிரித்தார்கள். போலீஸ்காரர்களில் ஒருவரும் சேர்ந்து சிரித்தார். பாவாத்தாளும் சிரிக்கப் போய், அது இருமலாகிக் குனிந்துவிட்டாள். மாரப்பன் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் காலை, சொன்ன நேரத்துக்கு முன்பாகவே அவர் கொட்டகைக்குப் போனார். எஞ்சினைச் சூடேற்றிவிட்டுத் திருப்புளியை எடுத்தார். ஸ்லோ திருகை இடப்பக்கமாக அரைச்சுற்று தளர்த்தினார். ஓட்டம் தடுமாறியது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். மட்கார்டு நடுங்கியது, வேகம் குறைந்தால் அணையும் என்கிற நிலை வந்தது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. எஞ்சினை நிறுத்தி, பானெட்டை மூடிவிட்டு, தோட்டத்துக் குழாயில் கை கழுவப் போனார். எண்ணெய்ப் பிசுக்குப் போன பிறகும் வெகுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்தபோது வெள்ளியங்கிரி காரை வாசலுக்குக் கொண்டுவந்து, பானெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்துச் சிரித்தான்.

முதலாளி பாலகோபால் குளித்து, சரிகை வேட்டியும் நெற்றியில் நாமமுமாகப் படியிறங்கினார். "என்னப்பா மாரப்பா, வண்டி தயாரா?"

"தயாருங்க."

அவர் எதிரிலேயே நின்றார். கேட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் தாள் பாவாத்தாளிடம் இருந்தது; மேனேஜர் படிக்கட்டில் நின்றிருந்தார்; வண்டியும் கேட்டில் எப்படியும் நிற்கப்போகிறது.

"நீயும் பின்னால ஏறிக்க. வழியில ஏதாச்சும்னா பாத்துக்கலாம்."

வெள்ளியங்கிரி முன் இருக்கையை மடக்கி, பின் இருக்கையில் செய்தித்தாள் விரித்தான். மாரப்பன் குனிந்து நுழைந்து, தாளுக்கு வெளியே உடம்பு படாமல் ஒடுங்கி உட்கார்ந்தார். இருக்கை நிமிர்ந்ததும் முதலாளி ஏறிக் கதவைச் சாத்தினார்.

மேட்டுப்பாளையம் சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போனது. சாய்பாபா காலனி நெரிசலில் லாரியொன்றுக்குப் பின்னால் ஊர்ந்தபோது மாரப்பன் காதைத் தீட்டிக்கொண்டார். அணையவில்லை. கூட்டத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே போகிறான் போலும் என்று நினைத்தார். கேட்டில் அப்படி மிதிக்க முடியாது.

மில்லின் புகைபோக்கி தெரிந்தது. பிறகு புளியமரம். காரைக் கண்டதும் எல்லோரும் எழுந்து சாலையின் இரு ஓரமும் ஒதுங்கி நின்றார்கள். ஆண்கள் நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். வலப்பக்கம், முதலாளியின் கண்ணாடி வந்து நிற்கும் இடத்தை முன்கூட்டியே கணித்து, பாவாத்தாள் நின்றிருந்தாள். ஓர் உள்ளங்கையில் பாலிதீன் உறையின் மேல் தாளை விரித்து வைத்திருந்தாள். மறு கையில் பேனா. கைகள் இரண்டும் போதாமல் அதன் மூடியைப் பல்லில் கடித்திருந்தாள்.

வெள்ளியங்கிரி கியரை எடுத்துவிட்டு, காலையும் எடுத்தான். கார் வேகத்தடையில் ஏறி மெல்ல இறங்கி, கேட்டுக்கு முன்னால் நின்றது. வாட்ச்மேன் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த ஆண்கள் டிக்கியின் மேல் வைப்பதற்காகக் கைகளை நீட்டினார்கள்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மாரப்பன் முன்னால் சாய்ந்தார். முன்னாலிருந்த சிறு கண்ணாடியில் வெள்ளியங்கிரி அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். தலையைப் பின்னால் சாய்த்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "காத்தால ஸ்லோ கம்மியா இருந்துச்சுங்கண்ணா. அவசரத்துல உட்டுட்டீங்க போலிருக்குது. நானே ஏத்தி வெச்சுட்டேன். மொதலாளி முன்னாடி உங்க பேரு கெட்டுறப்படாதில்லீங்க?" என்றான்.

"மொதலாளி..." மாரப்பன் முன் இருக்கையின் முதுகைப் பற்றினார். மறுபடி சொன்னார். "மொதலாளி, சித்த நிக்கச் சொல்லுங்க. என்ற சம்சாரமுங்க. போன வாரம் சொன்னீங்கல்லீங்க, கையெழுத்து..."

பாலகோபால் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடி ஏற்றியே இருந்தது. "பத்தரைக்கு ராகுகாலம்ப்பா. எதுவானாலும் மேனேஜர்கிட்டக் கொடுக்கச் சொல்லு." பிறகு டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார்: "சத்தமே இல்ல மாரப்பா. எங்கப்பா இருந்தப்பக் கூட இப்படி ஓடினதில்ல."

கேட் திறந்தது. ஓடுகிற வண்டியை மறிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். போலீஸ்காரர் எழுந்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நீட்டிய கைகளை ஆண்கள் இறக்கிக்கொண்டார்கள். கார் நகர்ந்தபோது பாவாத்தாள் கண்ணாடியோடு சேர்ந்து இரண்டு எட்டு நடந்தாள். மூன்றாவது எட்டுக்கு மூச்சு இல்லை. பின் இருக்கையில் தன் கணவனின் முகத்தைப் பார்த்தாள். இறங்குவதற்கு அவருக்குக் கதவு கிடையாது.

கேட் சாத்திக்கொண்டது. மாரப்பன் திரும்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தார். கம்பிகளுக்கு அப்பால் பாவாத்தாள் இருமிக்கொண்டிருந்தாள். இருமலில் பேனா மூடி எங்கோ விழுந்திருக்க வேண்டும். தாளை மாரோடு அணைத்தபடி, வேகத்தடைக்கும் கேட்டுக்கும் இடையில், வழக்கமாகக் கார் நிற்கும் இடத்தில் குனிந்து, மண்ணில் அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.