மோட்டார் தகராறு

எபினேசரை ஏன் கொன்றான் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஊரா கெலமங்கலம்? காரணம் கிடைக்காத இடத்தில் செத்தவன் பெண்டாட்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது.

நடந்தது இவ்வளவுதான். பட்டப்பகலில், தண்ணீர் மோட்டார் பக்கம் குனிந்திருந்த எபினேசரை, பக்கத்து வீட்டுச் சிவராஜ் இரும்புக் குழாயால் அடித்தான். அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டான். ஓடவில்லை, ஒளியவில்லை. ஏன் அடித்தாய் என்று போலீஸ் கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. ராயக்கோட்டை போயிருந்த அவர் மனைவி கெசியா தக்காளிப் பையோடு திரும்பியபோது தெருவே வாசலில் நின்றிருந்தது.

அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. வம்பு தும்புக்குப் போகாத மனுஷனை எவனாவது சும்மா அடிப்பானா? புருஷன் வேலைக்குப் போன நேரத்தில் சிவராஜ் அங்கே டீ குடிப்பானாமே? கெலமங்கலத்தில் ஒரு வதந்தி தமிழில் கிளம்பினால், தெலுங்கில் சதை போட்டு, கன்னடத்தில் நகை பூட்டிக்கொண்டுதான் வீடு திரும்பும். டீ குடித்தது உண்மைதான். எபினேசரும் கூடவே உட்கார்ந்து குடித்தார் என்பதை மட்டும் மூன்று மொழியிலும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

சர்ச்சில் கெசியாவின் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஆனால் அந்த டீ வேளையில் கூடவே உட்கார்ந்து பிஸ்கட் தின்ற மகள் லிபியாவே ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டாள்: "அம்மா, சிவா மாமா நம்ம வீட்டுக்கு எதுக்கு வருவாரு?"

கெசியாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பிள்ளையின் கண்ணில் சந்தேகத்தைப் பார்ப்பதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது.

அந்த டீப் பேச்சை முதலில் அவிழ்த்துவிட்டது யார் என்று விசாரித்தால், சிவராஜின் அம்மா சரோஜம்மாள். கெசியா நேரே போய்க் கேட்டாள். "அத்தே, நாக்கு கூசலியா உங்களுக்கு? என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

சரோஜம்மாள் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள். "தெரியும்டி. பொம்பள விஷயத்துல கை நீட்டிட்டான்னா அந்தப் பழி அவனோட போச்சு. புத்தி கலங்குனவன்னு பேராச்சுன்னா, அவன் தங்கச்சி கழுத்துல தாலி ஏறுமா? எனக்கு வேற வழி இல்லடி."

"அதுக்கு என் மானந்தான் கெடைச்சுதா?"

சரோஜம்மாள் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள். மகனுக்கு வைத்த வக்கீலிடமும் அவள் அவனுடைய நோயைப் பற்றி மூச்சு விடவில்லை.

சிவராஜ் ஓசூர் சிப்காட்டில் பிரஸ் மிஷினில் வேலை பார்த்தவன். பிறகு வேலையை விட்டு வீட்டோடு இருந்தான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்த மோட்டார் ஓடினால், அதற்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்பான். காதைப் பொத்திக்கொண்டு, "எபிண்ணா, நிறுத்துங்க!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவான். எபினேசர் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடியாவது சுவிட்சை அணைப்பார். "தொட்டி ரொம்பலன்னா கொடத்துல புடிச்சிக்கலாம் கெசி. பாவம் பையன்." நரம்புத் தளர்ச்சி, வெளியே சொல்லிவிடாதே என்று சரோஜம்மாள் கேட்டுக்கொண்டதால், இவர்களும் வெளியே சொன்னதில்லை.

இத்தனைக்குப் பிறகு அவரையே அடித்தானே! சில நாள் அவனைத் தூக்கில் போட்டால்தான் ஆறும் என்றிருக்கும் கெசியாவுக்கு. நோயைச் சொல்லி அவனைத் தப்பவிட மனம் வரவில்லை.

விசாரணைக்கு முன்னால் அரசு வக்கீல் முனிராஜ் அவளைக் கூப்பிட்டார். "போலீஸ்ல முன்விரோதம்னு எழுதியிருக்காங்கம்மா. என்ன விரோதம்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. மோட்டார் பொதுதானே? தண்ணி விடறதுல தகராறு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கேஸும் நிக்கும், ஊர் வாயும் அடைஞ்சிடும்."

பொய்தான். ஆனால் அந்த ஒரு பொய்யில் அவள் பேர் மீண்டுவிடும். லிபியா தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போவாள். கொன்றவனுக்காகத் தான் ஏன் உண்மையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? "சொல்லிடறேங்க சார்," என்றாள் கெசியா.

ஓசூர் கோர்ட்டில் கூண்டேறி, ஆண்டவர் பேரில் சத்தியமும் செய்தாள். முனிராஜ் எழுந்தபோது கரண்ட் போனது. வெளியே ஜெனரேட்டர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற சிவராஜ் சட்டென்று இரண்டு காதையும் பொத்தினான். முகம் கோணியது. சுற்றும் முற்றும் யாரையோ தேடினான்.

"எபிண்ணா! நிறுத்துங்க எபிண்ணா!"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. தான் அடித்துக் கொன்றவரைத்தான் அவன் உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

முனிராஜ் விடவில்லை. "சொல்லுங்கம்மா. மோட்டார் விஷயத்துல உங்க வீட்டுக்காரருக்கும் இவருக்கும் தகராறு இருந்துச்சு, இல்லையா?"

வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் துண்டோடு ஓடுகிற எபினேசர் கண்ணுக்குள் வந்து நின்றார். அவரைச் சண்டைக்காரராக்கித்தான் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமா?

"இல்லைங்கய்யா," என்றாள். "இவனுக்கு அந்தச் சத்தம் ஆகாது. இப்பக் கூப்பிட்டான் பாருங்க, இதே மாதிரி கூப்பிடுவான். என் வீட்டுக்காரர் போய் நிறுத்துவாரு. ஒரு நாளும் சண்டை இல்ல."

நீதிபதி கேட்டார்: "அப்படின்னா எதுக்குக் கொன்னாரு?"

"தெரியலைங்கய்யா. ஊர்ல என்னைச் சொல்றாங்க. அது சத்தியமா இல்ல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. அவனுக்கே தெரியுமோ என்னவோ."

இன்னும் காதைப் பொத்தியிருந்த சிவராஜை நீதிபதி பார்த்தார். அவன் வீட்டார் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். சரோஜம்மாள் எழுந்தாள். கெசியா அவளைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிடு, உன் பிள்ளை பிழைத்துப்போவான் என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்கய்யா," என்றாள் சரோஜம்மாள். "என் புள்ள நல்லாத்தான் இருந்தான்."

"இல்லைங்கய்யா."

பின்னாலிருந்து எழுந்தது சிவராஜின் தங்கை பிரியா. எவள் கழுத்தில் தாலி ஏற வேண்டுமென்று இத்தனையும் நடந்ததோ, அவளே. கம்பெனி யூனிஃபார்மோடு வந்திருந்தாள்.

"அண்ணனுக்கு ரொம்ப நாளா மனசு சரியில்லைங்கய்யா. பெங்களூர்ல காட்டி மாத்திரை சாப்பிட்டப்ப நல்லாத்தான் இருந்தாரு. என்னைப் பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு அம்மா மாத்திரையை நிறுத்திட்டாங்க."

சரோஜம்மாள் மகளை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் மடங்கி, அவள் வாயையே பொத்திக்கொண்டது.

கெசியா இத்தனை நாளும் யாரை வெறுப்பது என்று தெரியாமல் தவித்தவள். இதோ, ஆள் கிடைத்துவிட்டது. வெறுக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளும் மகளுக்காக ஒரு பொய்யை வாய்க்குள் வைத்துக்கொண்டுதானே கூண்டேறினாள்? அந்தப் பொய்யும் ஒரு உயிரைக் கொண்டுபோயிருக்கும்.

சிவராஜை டாக்டரிடம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி நீதிபதி உத்தரவு போட்டார். அப்போது கரண்ட் வந்தது, ஜெனரேட்டர் நின்றது. சிவராஜ் மெதுவாகக் காதிலிருந்து கையை எடுத்தான். அம்மாவைத் தேடிப் பார்த்தான். முகம் தெளிந்திருந்தது.

"எபிண்ணா நிறுத்திட்டாரும்மா," என்றான்.

கெசியா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, அவரைப் புதைத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள்.