வெட்டாத மூச்சு

என் அக்கா புருஷனின் மூச்சை வெட்டுவதுதான் என் தொழில். பதற வேண்டாம். அவன் மைக் முன்னால் உட்கார்ந்து குழந்தைகளுக்குக் கதை படிப்பான், நான் அதைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்வேன். எச்சில் சத்தம், நாற்காலி முனகல், வரிக்கு வரி அவன் இழுக்கும் மூச்சு, இதையெல்லாம் வெட்டி ஒட்டினால் பால் மாதிரி ஒரு குரல் மிஞ்சும். வெளியில் இருக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அவன் 'கதை மாமா'. எனக்கு அத்தான். மனசுக்குள் நான் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்ட ஸ்க்ரீன் ரீடர் என்று ஒன்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, மவுசைத் தொடாமல், கீபோர்டிலேயே எல்லா வேலையும் செய்வேன். மைக்கிலிருந்து வருவதைக் கேட்க ஒரு காதில் பெரிய ஹெட்போன். ஸ்க்ரீன் ரீடருக்கு இன்னொரு காதில் சின்ன இயர்போன். இரண்டும் ஒரே நேரத்தில் பேசும், நானும் இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஸ்க்ரீன் ரீடரை அதன் உச்ச வேகத்தில் ஓடவிட்டிருப்பதால், பழகாத காதுக்கு அது பேச்சாகவே இருக்காது. அத்தான் அதை 'உன் கொசு' என்பான். "குரலை வச்சே பொழைக்கிறீங்க, ஒரு கொசு பேசறது புரியலையா அத்தான்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். என் சாப்பாட்டுத் தட்டு பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

மானிட்டரை நான் போடுவதே இல்லை. யார் பார்க்க? ஆனால் கண் தெரிந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, திரை இருட்டாக இருந்தால் கம்ப்யூட்டரே தூங்குகிறது என்று. அத்தானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். நான் திருத்தப் போகவில்லை.

ஒலிப்பதிவு செய்யும் அறை முன்னொரு காலத்தில் சாமான் அறையாக இருந்தது. சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்து, கதவுக்குக் கனமாக ரப்பர் ஒட்டியிருந்தோம். உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கதவை ஒட்டியிருக்கும் என் மேஜைக்குக்கூட வராது. அதனால்தான் அக்காவை அடிக்கவும் அவன் அந்த அறையையே வைத்துக்கொண்டான். அதிலும் ஒரு ஒழுங்கு. முதலில் மைக்கைக் கழற்றி, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டுவான். மைக்குக்கு அடிபட்டுவிடக் கூடாதாம். அப்புறம்தான் அக்காவைக் கூப்பிடுவான்.

ஒருமுறை அக்கா கிழிந்த உதட்டோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். பொறுமையாகக் கேட்டார், தண்ணீர் கொடுத்தார். பெயரைச் சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. "கதை மாமாவா? என் பொண்ணு அவர் குரல் இல்லாம தூங்கவே மாட்டா. அவரா அடிச்சாரு? ஏதோ குடும்பத்துல ஒரு கோவம் வந்திருக்கும்மா, பேசித் தீத்துக்கோங்க." நாங்கள் வீடு வந்து சேரும் முன்பே விஷயம் அவன் காதுக்குப் போயிருந்தது. அக்காவின் மணிக்கட்டு முறிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக மருத்துவமனையில் சொன்னோம். "இன்னொரு தடவை படியேறுனா உசிரோட இருக்க மாட்ட" என்று அவன் சொன்னதை நாங்கள் இருவரும் அப்படியே நம்பினோம். கேட்டவுடன் நம்புகிற மாதிரி ஏதாவது கையில் இருந்தாலொழிய அந்த வாசலுக்கு மறுபடி போக வழியில்லை. மைக்கோ அவன் அடிக்கும்போதெல்லாம் பெட்டிக்குள் பூட்டியிருக்கும்.

அவனுடைய மூச்சுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். சாதாரண வரிகளுக்கு வாயால்தான் இழுப்பான். புலி உறுமும் இடமோ அரக்கன் கத்தும் இடமோ வந்தால் மூக்கால் வெடுக்கென்று ஒரு இழுப்பு, உடனே நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் ஒரு 'டக்'. அதன் பிறகுதான் உறுமல் வரும். குழந்தைகள் பயந்துவிடும் என்று அதை நான் ஒன்றுவிடாமல் வெட்டிவிடுவேன். அக்காவை அடிப்பதற்கு முன்னாலும் அதே மூச்சுதான். சாப்பாட்டு மேஜையில் அதைக் கேட்டால் என் கை தானாகத் தலைக்கு மேலே போய்விடும்.

அன்று மத்தியானம் பசியோடு அலையும் ஒரு யானைக்குட்டியின் கதை. "போடு" என்று மைக்கில் சொன்னான். நான் ஆர் எழுத்தைத் தட்டினேன். 'பதிவாகிறது' என்றது கொசு. அவன் உருகி உருகிப் படித்துக்கொண்டிருந்தான். கதவை அவன் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. சமையலறையில் அக்காவின் கையிலிருந்து ஒரு மூடி நழுவித் தரையில் உருண்ட சத்தம் மைக்கில் விழுந்தது. இன்னும் சரியாகக் கூடாத மணிக்கட்டு, அதில் எதுதான் நிற்கும்?

முதலில் அந்த மூச்சு வந்தது. நாற்காலி விழுந்தது. என்னைத் தாண்டிப் போய் அக்காவை முடியைப் பிடித்து இழுத்து வந்தான், அவள் குதிகால்கள் தரையில் தேய்ந்துகொண்டே வந்தன. அறைக்குள் தள்ளிக் கதவை அடைத்தான். மைக்கைக் கழற்றும் சத்தம் ஹெட்போனில் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கோபத்தில் மைக்கை மறந்துவிட்டான்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. என் ஹெட்போனில் அக்கா இருந்தாள். விலை உயர்ந்த மைக், துல்லியத்துக்குக் குறையில்லை. கன்னத்தில் அறை விழும் சத்தமும் உதை விழும் சத்தமும் எப்படி வேறு என்று அதுவரை எனக்குத் தெரியாது, அன்று தெரிந்துகொண்டேன். இன்னொரு காதில் கொசு சத்தத்தின் அளவு எல்லை மீறுவதை ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டே இருந்தது. எழுந்து உள்ளே போனால் பதிவாவது தெரிந்துவிடும், அதோடு எல்லாம் போச்சு. உட்கார்ந்திருந்தால் அக்கா அடிபடுவாள். நான் உட்கார்ந்திருந்தேன். மேஜை விளிம்பைப் பிடித்த பிடியில் நகம் ஒன்று பாதியாகப் பிய்ந்துவிட்டது.

திடீரென்று கதவு திறந்தது. அவன் வெளியே வந்து நேராக வாசல் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். வெறுமனே அடித்துவிட்டுப் போகிற நாளில் அவன் வாசலைப் பூட்டியதில்லை.

திரும்பி வரும்போது என்னைக் கவனித்துவிட்டான். "என்னடி கேட்டுட்டு இருக்க?" என்று ஒரே இழுப்பில் இரண்டையும் பிய்த்தெறிந்தான். இயர்போன் பிடுங்கிக்கொண்டதால் கொசு கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் வழியாகவே கத்த ஆரம்பித்தது. 'பதிவாகிறது, டிராக் ஒன்று, பதிவாகிறது.' எனக்குப் பளிச்சென்று கேட்டது. அவனுக்கு வெறும் கிரீச். பெரிய ஹெட்போன் மட்டும் வயர் கழலாமல் தரையில் கிடந்தது, அதிலிருந்து அக்காவின் அழுகை மெல்லியதாகக் கசிந்தது. காலால் தேடி மிதித்து அழுத்திக்கொண்டேன். நல்லவேளை, அறைக்கதவு திறந்திருந்ததால் அழுகை அங்கிருந்தும் வந்தது, அவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கும்.

"ரெக்கார்ட் பண்றியா?"

"மானிட்டரைப் பாருங்க அத்தான். கண்ணு தெரிஞ்சவரு நீங்கதானே."

அவன் பார்த்திருக்க வேண்டும். "அணைஞ்சுதான் இருக்கு. அப்புறம் இது எதுக்குக் கத்துது?"

"அது தூக்கத்துலயும் உளறும்."

"மெதுவா பேச வை. என்ன சொல்லுதுன்னு நான் கேக்கணும்."

பதிவு ஓடும் ஜன்னலைப் பின்னால் தள்ளி, கதையின் எழுத்துப் பிரதி இருக்கும் ஜன்னலை முன்னால் கொண்டுவந்தேன். பின்னால் போனால் பதிவு நிற்காது. நிற்காது என்று தெரியும், ஆனாலும் அந்த நிமிஷத்தில் தெரிந்ததெல்லாம் சந்தேகமாகிவிட்டது. பிறகு வேகத்தைக் குறைத்தேன், குறைத்துக்கொண்டே வந்தேன். கொசு மனுஷக் குரலாகி, தூக்கக் கலக்கத்தில் படிக்கும் பள்ளிப்பிள்ளை மாதிரி இழுத்தது. "பக்கம்... ஏழு. யானைக்குட்டிக்கு... மறுபடியும்... பசித்தது."

அவன் சிரித்தான். கதைகளில் முயலுக்காக அவன் சிரிக்கும் அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே என் காதோடு சேர்த்து ஒரு அறை விட்டான். அந்தக் காதில் 'ங்' என்று ஒரு ஊதல் தொடங்கியது, எனக்குக் காது போவது கண் இரண்டாம் முறை போவது மாதிரி. "கதையை நீயே கேட்டுட்டு இரு" என்றான். உள்ளே போய்க் கதவை அடைத்தான்.

ஹெட்போனை எடுத்து நல்ல காதில் வைத்தேன்.

"போலீசுக்குப் போன வாய்தானே இது? இந்த வாய்தானே?" அவன் கத்தவில்லை. கதை சொல்லும் குரலிலேயே கேட்டான். அக்கா "வேணாங்க, வேணாம்" என்றாள், பிறகு தொண்டையில் ஏதோ அடைபட்ட ஒரு சத்தம், பிறகு அவள் இல்லை. துணி உரசுகிறது, அவன் முக்குகிறான், அக்கா மட்டும் இல்லை. ஒருவருடைய மூச்சை எடுத்துவிட்டால் மிச்சம் எப்படிக் கேட்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தினமும் நான் செய்கிற வேலை அது.

பதிவாவது ஒன்றாவது. சாட்சியை வைத்துக்கொண்டு அக்காவின் படத்துக்கா போட்டுக்காட்டுவது?

மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மைக் ஸ்டாண்டு நின்றது, அடியில் வட்டமாக இரும்பு. தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கதவைத் தோளால் தள்ளினேன். அக்காவின் கால்கள் தரையில் உதைத்துக்கொண்டிருந்தன. "வெளிய போடி குருடி!" என்று கீழேயிருந்து அவன் குரல் வந்தது. உடனே அக்கா இருமினாள், இழுத்து இழுத்து இருமினாள். கையை எடுத்துவிட்டான், எழுந்து என் பக்கம் வருகிறான் என்று புரிந்தது. அக்காவின் இருமலில் அவன் காலடி கேட்கவில்லை. எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

அவனே சொன்னான். மூக்கால் வெடுக்கென்று ஒரு இழுப்பு, ஒரு 'டக்'.

அந்தச் சத்தம் வந்த இடத்தில் ஓங்கி அடித்தேன். ஓடு நொறுங்குகிற மாதிரி ஒன்று நொறுங்கியது, சூடாக என் முகத்தில் தெறித்தது. அவன் முழங்காலில் விழுந்து என் காலைப் பிடித்தான், பிடித்த கையின் மேல் இரண்டாவது அடி. விட்டுவிட்டான். சுருண்டு படுத்து முனகினான். மூன்றாவது அடி தேவையே இல்லை. அதையும் அடித்தேன், விலா எலும்பு பார்த்து, மனசார.

அக்காதான் ஸ்டாண்டைப் பிடுங்கினாள். அவளுக்குக் குரலே வரவில்லை, காற்றாகத்தான் வந்தது. "போதும்டி. செத்துடுவான். போதும்." என்னை ஒதுக்கிவிட்டு அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், வாயிலிருந்த பல்லை விரல் விட்டு எடுத்தாள். அந்த நிலையிலும் அவனுக்கு மூச்சு அடைத்துவிடக் கூடாது என்று பார்த்தாளே, அவளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆம்புலன்சுக்கும் அவளே போன் செய்தாள்.

பிறகு மேஜைக்கு வந்தோம். நான் ஆர் எழுத்தைத் தட்டினேன். 'பதிவு நின்றது' என்றது கொசு, இன்னும் அந்தத் தூங்குமூஞ்சிக் குரலிலேயே.

"எல்லாம் இருக்கா?" என்றாள் அக்கா.

"எல்லாம் இருக்கு."

"நீ அடிச்சதை வெட்டிடு."

"அக்கா..."

"நீ ஒட்டினா யாருக்குடி தெரியும்? என் சத்தம் வரைக்கும் போதும். அவனே தடுக்கி விழுந்தான்னு சொல்லிக்கலாம். மூணாவதைக் கேட்டா உன்னை உள்ள வச்சிருவாங்க. எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

அவள் சொன்னது சரிதான். என்னால் முடியும், ஒட்டுத் தெரியாது. அந்த இடத்துக்குப் போனேன். மூச்சுக்கு முன்னால் ஒரு குறி வைத்தேன், மூன்றாவது அடிக்குப் பின்னால் ஒரு குறி. 'தேர்ந்தெடுக்கப்பட்டது' என்றது. விரல் டெலீட் விசை மேல் இருந்தது. ஜெயிலை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு கட்டிடம், எந்தப் பக்கம் கதவு என்று எனக்கு யார் சொல்வார்கள்? ஆனால் அந்த மூச்சோடு ஒட்டியே என் அடி விழுந்திருந்தது, அடியை வெட்ட வேண்டுமானால் மூச்சையும் வெட்ட வேண்டும். அவன் எழுந்து என்னை அடிக்க வந்தான் என்பதற்கு அதைத் தவிர வேறு ஒரு சத்தமும் இல்லை. அதோடு, வெட்டி வெட்டி எனக்குச் சலித்துவிட்டது. விரலை எடுத்தேன். வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

சாயங்காலம் அதே இன்ஸ்பெக்டர், இந்தத் தடவை எங்கள் வீட்டில். மருத்துவமனையில் அக்காவின் கழுத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தோம். அவனுக்குத் தாடையில் கம்பி வைக்கப்போவதாகச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டரிடம் ஹெட்போனை நீட்டினேன். அவர் கேட்கும்வரை நானும் அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் அவருடைய நாற்காலி ஒருமுறை பின்னால் நகர்ந்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "ஒவ்வொரு தடவையும் அடிக்கு முன்னாடி ஒரு சத்தம் வருதே, அது என்ன?"

"மூச்சு மேடம். அவரோடதுதான்."

"கதையில ஒரு தடவைகூட நான் இதைக் கேட்டதில்லையே."

"நான் வெட்டிடுவேன்."

அவர் எழுந்துபோய் யாருக்கோ போன் செய்தார். தாழ்ந்த குரல்தான், எனக்குக் கேட்டது. "பாப்பாவுக்கு இன்னைக்கு அந்தக் கதையைப் போடாதீங்க. அழுதா அழட்டும். நீங்க பக்கத்துல படுத்துக்கோங்க." பிறகு வந்து உட்கார்ந்தார்.

"முதல் அடி புரியுது. ரெண்டாவதும் புரியுது. மூணாவது எதுக்கு?"

அக்காவின் விரல்கள் என் கையை நெரித்தன.

"கோவம் மேடம்."

"அப்படியே எழுதிக்கட்டுமா?"

"எழுதுங்க" என்றேன். "எதையும் வெட்ட வேணாம்."