இரண்டு நாற்பத்தொன்று

அவள் போய்ப் பத்து மாதம் கழித்து, அவளுடைய போனுக்கு ஓர் எண் வந்தது. 61. அதன் கீழே ஒரே ஒரு சொல்: மன்னிக்கவும்.

அந்த போனை அவள் கணவன் இன்னும் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பல் துலக்குவது மாதிரி அதுவும் ஒரு வேலை.

எண்ணை அனுப்பியவர் மலையில் பறவைக் கணக்கெடுப்பவர். அவள் அவருக்கு வைத்திருந்த பெயர் பைனாகுலர். செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டும் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகுகளை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணி முடித்ததும், மொத்தத்தை மட்டும் அவளுக்கு அனுப்பிவிடுவார். ஒன்பது நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டது அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை.

அந்த எண் ஒரு சுவருக்கு உரியது. நூலகத்தின் பக்கவாட்டுச் சுவர். அதில் அவள் ஒரு பாறு வரைந்திருந்தாள். மொட்டைத் தலை, வளைந்த கழுத்து, சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரிந்த சிறகு. மலையில் எத்தனை பாறு உயிரோடு இருக்கிறதோ, சிறகில் அத்தனை இறகு. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முதல் ஆண்டு எழுபத்தொன்று வரைந்தாள். அடுத்த ஆண்டு நான்கு பறவை குறைந்தது. அவளே ஏணி போட்டு ஏறி நான்கு இறகைச் சுவர் நிறத்தால் மூடினாள். அதற்கடுத்த ஆண்டு மூன்று. படத்தின் கீழே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: ஓர் இறகு, ஒரு பாறு. இன்று இருப்பவை 64.

"செத்ததைத் தின்னுற பறவை. அதைப் போய் நூலகச் சுவத்துலயா?" என்று அப்போது ஒருவர் சண்டைக்கே வந்தார். "அது தின்னலேன்னா நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டுதான் படிக்க வரணும்" என்றாள் அவள், ஏணியிலிருந்து இறங்காமலே.

அந்தத் தெரு வழியாக அவன் பத்து மாதமாகப் போகவில்லை. லிஃப்ட் பழுது பார்ப்பவன் அவன். நூலகத்துக்கு எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட் நின்றபோது கூட வேறு ஆளை அனுப்பினான்.

எண் வந்த மூன்றாம் நாள் நூலகர் அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, அடுத்த வாரம் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க. பழைய எண்ணோட அந்தப் படம் நிக்கக் கூடாதுங்கிறாங்க கமிட்டில. யாராவது திருத்தினா இருந்துட்டுப் போகட்டும், இல்லேன்னா சுவர் முழுக்க வெள்ளைன்னு சொல்லிட்டாங்க. நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்."

"சரிம்மா."

"சரின்னா எதுக்குச் சரி? வெள்ளைக்கா, திருத்துறதுக்கா?"

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றான். இந்தப் பத்து மாதத்தில் அவன் பேசியதில் அது நீளமான வாக்கியம்.

மூன்று இறகை அழித்தால் மீதி பிழைக்கும். அழிக்காவிட்டால் எல்லாமே போய்விடும். கணக்கு சுலபம். கைதான் வரவில்லை. அவள் கை பட்ட எதையும் அவன் இதுவரை அப்புறப்படுத்தியதில்லை. குளியலறையில் அவளுடைய சோப்பு காய்ந்து வெடித்துக் கிடந்தது. கதவுக்குப் பின்னால் பெயின்ட் கறை படிந்த அவள் சட்டை அப்படியே தொங்கியது.

ஞாயிறு காலை மச்சினி வந்து சேர்ந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. ஒவ்வொரு வாயிலும் பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒட்டுகிற மாதிரி நிறம் கலப்பதில் கெட்டிக்காரி.

"மாமா, கடைக்காரன் குடுத்த டப்பாவை அப்படியே அடிச்சிராதீங்க. சுவர் மூணு வருஷ வெயில் தின்னிருக்கு. புதுப் பெயின்ட் அடிச்சா பொக்கை வாய்ல ஒத்தப் பல்லு மாதிரி பளிச்சுனு தெரியும். நான் கலக்கித் தர்றேன்."

"ம்."

"வெறும் 'ம்'தானா? வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா? உதிர்ந்தாலும் கவலைப்படாதீங்க, வேற செஞ்சு மாட்டிடலாம்."

அவன் ஏணியைச் சாய்த்து ஏறினான். எந்த மூன்று? அதைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி வேண்டும். அவளுக்கு ஒரு வழி இருந்தது. ஒவ்வோர் இறகின் அடியிலும் பென்சிலால் பொடி எழுத்தில் ஓர் எண் போட்டிருந்தாள். கிட்டப் போனால்தான் தெரியும். பெரிய எண்ணிலிருந்து கீழ்நோக்கி மூடிக்கொண்டே வருவாள். இப்போது கடைசி இறகு அறுபத்து நாலு. அப்படியானால் 64, 63, 62.

தொடங்குவதற்கு முன் ஒருமுறை எண்ணினான். அறுபத்தைந்து வந்தது. ஏணியை நகர்த்தி நகர்த்தி மறுபடி எண்ணினான். அதே அறுபத்தைந்து.

தண்ணீர்க் குடத்தோடு வெளியே வந்த நூலகர் அம்மா, அவன் வாய்விட்டு எண்ணி முடித்ததைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "அட கடவுளே! பள்ளிக்கூடப் பசங்க எண்ணிட்டு அறுபத்தஞ்சு வருதுன்னு ரெண்டு மூணு தடவை வந்து சொன்னாங்க. முதல்ல ஒழுங்கா எண்ணக் கத்துக்கங்கன்னு நான் விரட்டி விட்டுட்டேனே!"

மூன்றாம் முறை அவன் இறகுகளை விட்டுவிட்டுப் பென்சில் எண்களைப் படித்தான். முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று. அதன் பக்கத்தில் இன்னொரு நாற்பத்தொன்று.

ஏணிப் படியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

இறகுகளை அவள் முதன்முதலில் வரைந்த அன்று, அவன் வேலை முடிந்து சீருடையோடு நேராக இங்கே வந்திருந்தான். அவள் மேலே, சாரத்தில், முதுகு காட்டி, வாய்க்குள் எண்ணியபடி ஒவ்வோர் இறகாக வரைந்து எண் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே நின்று அவன் குரல் கொடுத்தான்: "அம்மா, மேல போகணுமா, கீழ வரணுமா? லிஃப்ட் ரெடி." அவள் சிரித்த சிரிப்பில் சாரமே ஆடியது. "எண்ணும்போது பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது! போச்சு. எதுல விட்டேன்?" அவள் இருந்த உயரத்தில் பென்சில் எழுத்து அவன் கண்ணுக்கு எங்கே தெரியும்? இருந்தாலும் சொன்னான்: "நாப்பதுல." "நிச்சயமா?" "நிச்சயம்." பக்கத்து எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் நம்பினாள். அடுத்த இறகை வரைந்து, அதற்கும் நாற்பத்தொன்று என்று எழுதினாள்.

மலையில் இல்லாத ஒரு பாறு மூன்று ஆண்டாக இந்தச் சுவரில் வாழ்ந்திருக்கிறது. அவள் சிரித்ததும், அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னதும் சேர்ந்து பெற்ற பாறு.

இறங்கி வந்து வாலுவிடம் சொன்னான். இத்தனை மாதத்தில் அவன் ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் கலக்குவதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப அதை விட்டுடுங்க, மாமா" என்றாள் மெதுவாக. "மூணை மட்டும் மூடுங்க. ஒண்ணு கூட இருந்தா யார் குடி முழுகிடப் போகுது?"

அவனுக்கும் அதுதான் வேண்டும். வேண்டும் என்றால் எப்படி வேண்டும்! நெஞ்சுக்கு நடுவில் ஓர் இடம், பத்து மாதமாக மரத்துப் போயிருந்த இடம், காலில் ரத்தம் திரும்புகிறபோது குத்துவது போலக் குத்தியது. அது ஒன்று இருந்துவிட்டால் இந்தத் தெரு வழியாகவே வேலைக்குப் போகலாம். தினமும் ஏறிட்டுப் பார்க்கலாம்.

"அவ கேட்டா என்ன சொல்வா?" என்றான்.

வாலு மூக்கை உறிஞ்சினாள். "திட்டுவா. 'சுவர் ஒரு பொய் சொன்னா மீதி அறுபத்தொண்ணையும் எவன் நம்புவான்'னு கேப்பா."

"ம்."

அறுபத்து நான்கை மூடினான். அறுபத்து மூன்றை. அறுபத்திரண்டை. வாலு கலந்த நிறம் சுவரோடு அப்படியே ஒட்டிப்போனது. அவளுடைய தூரிகை அவன் கைக்குச் சின்னதாக இருந்தது. பிடியில் அவள் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் இருந்தது. அதிலேயே தன் விரலை வைத்துக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை பெயின்ட் பூசினான்.

பிறகு இரண்டாவது நாற்பத்தொன்று. அடியிலிருந்து நுனிவரை அவள் ஒரே இழுப்பில் போட்டிருந்தாள். பாதியில் ஒரு சின்ன நடுக்கம். அவள் இன்னும் சிரித்து முடிக்காத நேரமாக இருக்கும். அந்த நடுக்கத்தின் மேல் தூரிகையை வைத்து, அவள் இழுத்த திசையிலேயே இழுத்தான். நிறத்துக்கு அடியிலிருந்து இறகு மங்கலாகத் தெரிந்தது.

"இன்னொரு கை அடிக்கணும்" என்றாள் வாலு கீழிருந்து.

"காயட்டும்."

காயும்வரை ஏணியிலேயே உட்கார்ந்திருந்தான். வாலு அவசரப்படுத்தவில்லை. கீழே பழைய எண்ணை அழித்து 61 என்று எழுதிக்கொண்டிருந்தாள். வெயில் சுவரை விட்டு இறங்கியதும் அவன் எழுந்து இரண்டாவது கையையும் அடித்தான். இறகு போய்விட்டது.

அவளுடைய போனை எடுத்துப் பைனாகுலருக்கு எழுதினான்: சுவரில் 61. எழுதுவது அவள் கணவன். அவள் இப்போது உயிரோடு இல்லை. அடுத்த ஆண்டு எண்ணை எனக்கே அனுப்புங்கள். தன் போன் எண்ணையும் சேர்த்து அனுப்பினான்.

அனுப்பியபின் சந்தேகம் வந்தது. ஒருமுறை சரிபார்த்துவிடலாம். மறுபடி ஏறினான். இந்த முறை கண்ணால் மட்டும் எண்ணவில்லை. ஒவ்வோர் இறகையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

"மாமா, சாப்பிடப் போலாமா? வயித்துக்குள்ள எலி ஓடுது."

"எண்ணும்போது பேசாத!"

சொன்னபிறகுதான் இரண்டு பேருக்கும் காதில் விழுந்தது. வாலு தூரிகையோடு நின்றாள். அவன் விரல் சுவரிலேயே இருந்தது.

"எதுல விட்டீங்க?" என்றாள் அவள்.

அவனுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லவில்லை. ஏணியை முதல் இறகுக்கே நகர்த்தி, ஒன்றிலிருந்து தொடங்கினான்.