பக்கம் 31-க்கான திருத்தம்

1

“பிழை திருத்தம் போடணும், சார்.”

கதை இந்த வாக்கியத்தில்தான் தொடங்க வேண்டும். ஏனென்றால், இதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள். சம்பள உயர்வு கேட்கலாம், விடுப்பு கேட்கலாம். கிடைக்காது, ஆனால் கேட்கலாம். பிழை திருத்தம் மட்டும் வாயில் வரக் கூடாது.

ஒரு வாக்குமூலம்: இது கதையாகப் பிறக்கவில்லை. மூன்று வரி அறிவிப்பாகத்தான் பிறந்தது. மூன்று வரிக்கு இடமில்லை என்றார்கள். அதனால் இத்தனை பக்கம் எழுத வேண்டியதாகிவிட்டது.

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

‘ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் புகை அந்த அறையில் ஒரு சோக ராகம்போல…’ (வேண்டாம். அந்தப் புகைக்கு இருமல்தான் வரும்.)

‘சிறு வயது முதலே மின்னணுவியலில் தீராத ஆர்வம் கொண்டிருந்த அவள்…’ (பொய். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பல்பு. அதன்மேல் என்ன தீராத ஆர்வம்?)

நேராகவே சொல்கிறேன். வீட்டிலேயே மின்னணுக் கருவி செய்து பார்க்கும் ஆர்வலர்களுக்கான மாத இதழ் ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். மாதம் ஒரு கருவியை வடிவமைத்து, தன் கையால் செய்து, வேலை செய்கிறதா என்று பார்த்து எழுதித் தர வேண்டும். அந்த மாதம், தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் கருவி. எட்டுக் கால் சிப் ஒன்று, ஒன்பது வோல்ட் பேட்டரி, இன்னும் சில சில்லறைச் சாமான்கள். அவள் மேசையில் சமர்த்தாகக் கத்தியது.

பக்கம் 31-இல் ஏறியதும்தான் ஊமையானது.

3

இதழின் பக்கங்களை அமைக்கும் லேஅவுட் அண்ணனை வில்லனாக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கதைக்கு வசதி. ஆனால் மனிதர் தங்கம். கெட்டது அவருடைய அழகுணர்ச்சி. படம் எப்போதும் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது என்பது அவருடைய தொழில் விதி. மனித முகத்துக்குச் சரி. சர்க்யூட் போர்டுக்கு முகம் கிடையாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. போர்டின் படத்தை இடவலமாகத் திருப்பினார். எழுத்துகளும் திரும்பிவிட்டன. அவற்றை மட்டும் அழித்துவிட்டு, அக்கறையாக நேரே அடித்துவைத்தார்.

[அடிக்குறிப்பு, அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்: அந்தச் சிப்பில் ஒன்றாம் காலும் எட்டாம் காலும் எதிரெதிரே நிற்கும். ஒன்றாம் கால் பேட்டரியின் மைனஸுக்கு, எட்டாம் கால் ப்ளஸுக்கு. படத்தைத் திருப்பினால் இரண்டும் இடம் மாறிவிடும். பேட்டரியை மாட்டியதும் சிப் சுடும். பிறகு நாறும்.]

அச்சுக்குப் போகும் முன் அவளும் பார்த்தாள். எழுத்து நேராக இருந்தது. படமும் நேர்தான் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டாள். (இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தால் எனக்கும் அந்த இதழின் ஆசிரியருக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.)

4

நாற்பத்து மூன்று கடிதங்கள் வந்தன. ஒரே ஒருவர் திட்டி எழுதியிருந்தால்கூட இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது. எல்லாம் ஒரே மாதிரித் தொடங்கின: ‘தவறு என்னுடையதாகத்தான் இருக்கும், இருந்தாலும்…’

நாற்பத்து நான்காவது ஆள் கடிதமே எழுதவில்லை. அவள் அப்பா. துணி தேய்க்கும் கடையில் இருபத்தெட்டு வருடம். ஒரு சட்டையைக் கருக்கியதில்லை. மகள் எழுதிய பக்கம் ஆயிற்றே என்று, அவளுக்குத் தெரியாமல் எழுத்துக்கூட்டிப் படித்து, சாமான் வாங்கி, தேய்க்கிற மேசையின் ஓரத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்.

“மூணு சிப்பக் கருக்கிட்டேன்மா,” என்றார், விரல் நுனியை ஊதிக்கொண்டே.

“புத்தகத்துல இருக்கிற மாதிரியேதானப்பா வெச்சீங்க?”

“அப்படியேதான் வெச்சேன். அச்சுல வந்தது தப்பா இருக்குமா? அதுவும் நீ எழுதினது! படிக்காத கை, வேறென்ன. நமக்கெல்லாம் இது வராது, விடு.”

சாமான்களை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

(இங்கே உங்களை அழவைக்கலாம். மாட்டேன். அவள் அழவில்லை, பல்லைக் கடித்தாள்.) அடுத்தவர் செய்த தப்புக்கெல்லாம் ஆயுள் முழுக்க மன்னிப்புக் கேட்டவர் அவர். இந்த முறை அந்த அடுத்தவர், அவர் பெற்ற மகள்.

5

ஆசிரியருக்கு அலுவலகத்தில் ‘ஃபியூஸ்’ என்று பெயர். கொஞ்சம் சூடேறினால் போதும், போய்விடுவார்.

“பிழை திருத்தம் போடணும், சார்.” (ஆம், கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டோம்.)

“அந்தப் பேச்சே எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்ல? அதுக்கெல்லாம் இங்க இடமில்ல.”

“நாப்பத்து மூணு பேர் கருக்கியிருக்காங்க.”

“ஒருத்தராவது நம்மளத் திட்டியிருக்காங்களா?”

“இல்ல.”

“பாத்தியா! அதாம்மா வாசகர் பாசம். கருகினா தன்னையே நொந்துக்குவாங்க, அடுத்த இதழையும் வாங்குவாங்க. ஒரே ஒரு திருத்தம் போட்டுப் பாரு, இருபது வருஷமாக் கருக்கினவன் பூரா கெளம்பி வருவான்.”

“அப்போ இருபது வருஷமாத் தப்பு வருதா, சார்?”

“நான் எப்போ அப்படிச் சொன்னேன்?”

“இப்போதான்.”

லேஅவுட் அண்ணன் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டார். “திருப்பினாத்தான்மா அந்தப் பக்கம் எடுப்பா இருந்துச்சு,” என்று அங்கிருந்தே முனகல் வந்தது.

“உங்க வீட்டுல மொதல் பட்டதாரி நீ,” என்றார் ஃபியூஸ், குரலில் தேன் தடவி. “கெடைச்ச வேலையைக் காப்பாத்திக்கோ. உங்கப்பாகிட்டயே கேளு, அதத்தான் சொல்வாரு.”

“அவர்கிட்ட பேசிட்டுத்தான் சார் வர்றேன். விரல் வெந்து கெடக்கு.”

6

முடிவு ஒன்று: ஆசிரியர் மனம் திருந்தி… (எழுதும்போதே சிரிப்பு வருகிறது.)

முடிவு இரண்டு: ஆசிரியர் தன் வீட்டுத் தொட்டிக்கு அதே கருவியைச் செய்து மாட்ட, அது கத்தாமல், தண்ணீர் வழிந்து, படுக்கையறை… (மலிவு. ஆனாலும் மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.)

மூன்றாவதை அவளே எடுத்துக்கொண்டாள், என்னைக் கேட்கவில்லை. நாற்பத்து மூன்று கடிதங்களையும் பையில் போட்டாள். தன் கையால் செய்த, ஒழுங்காகக் கத்துகிற கருவியையும் போட்டாள்.

“ஏய், அதெல்லாம் ஆபீஸுக்கு வந்த கடிதம்!”

“பதில் போடப்போறேன்.”

“யார் பேர்ல?”

“தப்புப் பண்ணினவ பேர்ல.”

ராஜினாமாக் கடிதத்தைக் காலையிலேயே அவர் மேசையில் வைத்துவிட்டாள். அதன்மேல்தான் அவர் இவ்வளவு நேரமும் டீக் கோப்பையை வைத்திருந்தார்.

இடமில்லாமல் போன அந்த மூன்று வரி:

பக்கம் 31-இல் போர்டின் படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது.
தவறு எங்களுடையது.
உங்கள் கை சரியாகத்தான் செய்தது.

அப்பா அந்த டப்பாவைத் திறப்பாரா? எனக்குத் தெரியாது. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் முடிவில் பிழை இருந்தால் வெட்கப்படாமல் திருத்தம் போடுங்கள். இங்கே இடம் இருக்கிறது. எனக்கு அவளைத் துரத்திப் பிடிக்க நேரமில்லை. கதவு அவளுக்குப் பின்னால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.