அந்தரத்தில் நின்ற சுவர்

நாட்டின் தலைநகரில், ஆர்.கே.புரத்தை ஒட்டிய பழைய கிராமத்தில், ஐந்து மாடிக் கட்டடங்களுக்கு நடுவே மானசாவின் வீடு மட்டும் தாழ்ந்து நின்றது. மெல்லிய சின்னச் செங்கல், சுண்ணாம்புக் காரை, ஒரு முழத்துக்கும் மேல் கனமான சுவர்கள், வளைவு வாசல், கற்பலகை பாவிய கூரை. அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அப்பா வாங்கியது. அவர் இறந்த பிறகு அவளுக்கும் தம்பி அர்விந்துக்கும் வந்தது.

"பில்டர்கிட்ட குடுத்துடலாம்க்கா. ஆளுக்கு ரெண்டு ஃப்ளோர் கிடைக்கும். அந்தப் பழைய வீட்டுல என்ன இருக்கு?"

"மே மாசம் வந்து ஒரு மத்தியானம் உள்ள படுத்துப் பாரு. ஏசி கேக்க மாட்ட. நான் கையெழுத்துப் போடறதா இல்ல."

வீட்டைக் கேட்டுக் கிடைக்காத பில்டர் தேஷ்வால், பக்கத்து மனையை வாங்கி அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தான். ஒரு சனிக்கிழமை காலை மானசாவின் அறைச் சுவரிலிருந்து காரை பொலபொலவென்று உதிர்ந்தது. வெளியே ஓடிப் பார்த்தாள். பள்ளம் அவள் சுவருக்கு அடியிலேயே போயிருந்தது. கீழ்வரிசைச் செங்கற்கள் அந்தரத்தில் தொங்கின.

"புரானா மகான் ஹை, மேடம். பழைய வீடு தானா விழுந்தா நான் என்ன பண்ண?" என்று தேஷ்வால் இந்தியில் சொல்லிச் சிரித்தான்.

கையெழுத்தால் கிடைக்காததைப் பள்ளத்தால் எடுக்கப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. போலீசுக்கும் தம்பிக்கும் போன் செய்தாள். பிறகு பள்ளத்தில் இறங்கி, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். ஜேசிபி ஓட்டியவன் பதறிப்போய் இன்ஜினை அணைத்தான்.

"ஹட்டோ மேடம், தள்ளிப் போங்க! விழுந்துடும்!"

"விழட்டும். என் மேலதான் விழணும். தோண்டு பார்க்கலாம்!"

கழுத்தில் மண் சரிந்தது. அவள் நகரவில்லை.

அர்விந்த் வந்தான். அக்காவைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். தேஷ்வாலின் முன்னால் போய் நின்றான்.

"இடிக்கறதா இருந்தா நாங்க இடிப்போம். நீ யாருடா?" கோபத்தில் தமிழில்தான் கத்தினான். தேஷ்வாலுக்கு அர்த்தம் புரிந்துவிட்டது.

போலீஸ் வந்து வேலையை நிறுத்தியது. தேஷ்வால் தன் செலவில் சுவருக்கு முட்டுக்கொடுத்து, அடியில் கட்டிக்கொடுத்த பிறகுதான் மறுபடி மண்வெட்டியைத் தொட முடிந்தது. அவன் கட்டடம் நாலடி தள்ளி எழுந்து, முற்றத்து வெயிலில் பாதியை மறைத்தது. விற்றுவிடலாம் என்று அர்விந்த் இன்னமும் சொல்கிறான். மானசா இன்னமும் மறுக்கிறாள்.

வாசல் வளைவிலிருந்து கூரைவரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதில் சுண்ணாம்பை அடைத்த கொத்தனார், மேலே சிமென்ட் பூசிவிட்டால் வீடு புதுசுபோல ஆகிவிடும் என்றார்.

"வேணாம் அண்ணா," என்றாள் மானசா. "செங்கல் வெளியே தெரியட்டும்."